உள் மெஷினை தனிக்குடித்தனம் வெச்ச கதை

மாமா கடை திருவல்லிக்கேணில, பெரிய தெருவுலேர்ந்து பிரியற ஒரு சந்துல இருக்கு. ஜெராக்ஸ், டிடிபி, கல்யாண பத்திரிகை, காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மேன்ஷன்ல தங்கி பரீட்சைக்கு படிக்கிற பசங்களோட ரெஸ்யூம், எல்லாமே அந்த எட்டுக்குப் பத்து ரூம்லதான். மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். கடை கம்ப்யூட்டர்ல எது புட்டுக்கிட்டாலும் எனக்குத்தான் போன் வரும், "மாப்ள, ஃப்ரீயா இருக்கியா"ன்னு அவர் ஆரம்பிச்சா அந்த ஞாயித்துக்கிழமை காலின்னு அர்த்தம்.

மூணு வருஷத்துக்கு மேல இருக்கும், அவரோட விண்டோஸ் மெஷின் வாரம் ஒரு தடவை படுத்துக்கும். காரணம் கஸ்டமர் பென்டிரைவ். ஊர்ல இருக்குற ஷார்ட்கட் வைரஸ் எல்லாம் அந்த யூஎஸ்பி போர்ட் வழியாத்தான் போய் வரும். சரி, விண்டோஸை தொட வேணாம், அதுக்கு மேல விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு உள்ள டெபியன்னு ஒரு வகை லினக்ஸ் போட்டு குடுத்துடலாம், பென்டிரைவ் எல்லாத்தையும் அதுக்குள்ளயே திறக்கட்டும்னு ஒரு ஏற்பாடு பண்ணேன். லினக்ஸ்னா மாமா பயப்படல, ஏன்னா அக்கா பொண்ணுக்கு கவர்மென்ட்ல குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. அது நம்ம சென்னை சி-டாக்ல, அதாவது மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனத்துல, பண்ணது, அதுவும் டெபியன் வம்சம்தான். "அந்த பாஸ் மாதிரிதானே" அப்படின்னாரு, ஆமான்னேன், முடிஞ்சுது. அன்னிலேர்ந்து அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு அவர் வெச்ச பேரு உள் மெஷின். அதை வெளிய எடுத்து ஒரு நிஜ கம்ப்யூட்டர்ல வெச்ச கதைதான் இது.

அது தற்காலிக ஏற்பாடு. தற்காலிக ஏற்பாடு எவ்ளோ நாள் ஓடும்னு உங்களுக்கே தெரியும். உள்ள தமிழ்99 கீபோர்டு செட் பண்ணேன், பிரிண்டர் செட் பண்ணேன், பத்திரிகை டெம்ப்ளேட் நூத்துக்கணக்குல சேந்துச்சு, அப்புறம் பாமினி ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைல் எல்லாத்தையும் எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாத்த ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பாமினி தெரியாதவங்களுக்கு: அதுல தமிழ் எழுத்து எல்லாம் இங்லீஷ் எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கும், ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் இங்லீஷ் எழுத்தும் செமிகோலனும் கலந்த குப்பையாத்தான் தெரியும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னாடி அடிச்சிருப்பாங்க, யூனிகோடுல அது பின்னாடி வரணும், அந்த இடமாத்தம் ஒண்ணுக்கே ரெண்டு ராத்திரி போச்சு. எந்த ராத்திரி எந்த பேக்கேஜ் போட்டேன், எந்த கான்ஃபிக்ல கை வெச்சேன், எதுவும் எழுதி வெக்கல.

இதை ஏன் சொல்றேன்னா, "புதுசா இன்ஸ்டால் பண்ணிடு, அதுதான் சுத்தம்"னு ஒரு கோஷ்டி எப்பவும் சொல்லும். அவங்க சொல்றது பாதி சரிதான், வீட்ல ஒரு மாசமா ஓடுற மெஷின்னா நானும் அதையேதான் சொல்லுவேன். ஆனா மூணு வருஷமா ராத்திரி ராத்திரியா ஒட்டுப்போட்டு வளந்த ஒண்ணை திரும்பக் கட்டணும்னா முதல்ல அதுல என்னல்லாம் இருக்குன்னு தெரியணுமே.

இப்போ விஷயத்துக்கு வரேன். பழைய மெஷின்ல ராம் 4 ஜிபி. அதுல விண்டோஸுக்கும் பங்கு, உள் மெஷினுக்கும் பங்கு, ரெண்டும் அரைப்பட்டினி. ஒரு ஏ3 போஸ்டர் திறந்தா டீ குடிச்சிட்டு வரலாம். மாமா ஒரு நாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஏதோ ஆபீஸ்லேர்ந்து கழிச்சு விட்ட சின்ன சைஸ் டெஸ்க்டாப் ஒண்ணை ஒன்பதாயிரத்துக்கு பேசி வாங்கிட்டு வந்துட்டாரு. ஆறாவது ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, மோசமில்ல. கொண்டு வந்து வெச்சிட்டு கேட்டாரு, "மாப்ள, அந்த உள் மெஷினை அப்படியே தூக்கி இதுல வெளிய வெச்சிட முடியாதா?"

நான் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன், ஏன் முடியாது?

நெட்ல தேடினா எல்லாரும் நேர்மாறா போறாங்க. நிஜ கம்ப்யூட்டரை விர்ச்சுவல் மெஷினா மாத்த டூல் எக்கச்சக்கமா இருக்கு, டிஸ்க்2விஹெச்டி மாதிரி ஒரே கிளிக் சமாச்சாரம் எல்லாம் உண்டு. வெளிய கொண்டு வர்றதுக்கு அந்த மாதிரி பட்டன் எதுவும் என் கண்ணுல படல. ஆனா யோசிச்சுப் பாத்தா விர்ச்சுவல் டிஸ்க்ங்கிறது என்ன, ஒரு பெரிய ஃபைல், அந்த ஃபைலுக்குள்ள நிஜ ஹார்ட் டிஸ்க்ல எப்படி செக்டர் செக்டரா இருக்குமோ அதே மாதிரி எல்லாம் இருக்கு, பார்ட்டிஷன் டேபிள் உள்பட. அந்த ஃபைலை உறையை உரிச்சு வெறும் பைட்டா எஸ்எஸ்டி மேல கொட்டிட்டா டிஸ்க் ரெடி. டிஸ்க் மாறுறது சுலபம், குடித்தனம் மாறுறதுதான் கஷ்டம். உள் மெஷின் இது வரைக்கும் கூட்டுக்குடும்பத்துல இருந்துச்சு, மணி என்னன்னு விண்டோஸ்தான் சொல்லும், நெட்டு விண்டோஸ்தான் குடுக்கும், வெளியாள் யாரும் நேரா உள்ள வர முடியாது. தனியா போனா ஒவ்வொண்ணா தெரியும்.

ஞாயித்துக்கிழமை காலைல கடை பாதி ஷட்டர் இறக்கி வெச்சிட்டு ஆரம்பிச்சேன். முதல் வேலை, உள் மெஷினை ஒழுங்கா ஷட்டவுன் பண்றது. மாமா எப்பவும் ஜன்னலை மூடி சேவ் ஸ்டேட் குடுத்துதான் போவாரு, அப்படி பாதி தூக்கத்துல இருக்குற டிஸ்க்கை காப்பி பண்ணக்கூடாது. அடுத்து விடிஐ ஃபைலை, அதாவது உள் மெஷினோட டிஸ்க் ஃபைலை, தேடினேன், கிடைச்சுது, நான் அதுக்கு குடுத்திருந்தது 40 ஜிபி, உண்மையா பிடிச்சிருந்தது 20 ஜிபிக்கு கொஞ்சம் மேல. காப்பி கமாண்ட் அடிக்கப் போற நேரத்துல சும்மா ஃபைலோட தேதியைப் பாத்தேன், எட்டு மாசம் பழசு. தினமும் ஓடுற மெஷினோட டிஸ்க் எப்படி எட்டு மாசமா தொடாம இருக்கும்? அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ஒரு அப்டேட்டுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் (ஏதாவது சொதப்பினா திரும்பிப் போக அப்போதைய நிலைமையை பிடிச்சு வெக்கிறது) எடுத்தேன், எடுத்ததை அழிக்கவே இல்ல. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்தோட அந்த மெயின் ஃபைல் உறைஞ்சு போயிடும், அதுக்கப்புறம் எழுதுறதெல்லாம் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர்ல வேற ஒரு ஃபைலுக்குப் போகும். நான் மட்டும் பாக்காம காப்பி பண்ணியிருந்தா எட்டு மாச வேலை இல்லாத மெஷின் ஒண்ணு ஜம்முனு பூட் ஆகியிருக்கும், யாரும் ரெண்டு நாளைக்கு கண்டுபிடிச்சிருக்க மாட்டோம், அதை நினைச்சா இன்னிக்கும் வயித்தைக் கலக்குது. ஸ்னாப்ஷாட்டை டெலீட் பண்ணேன். டெலீட்னு பேரு, உண்மைல அது ரெண்டையும் ஒண்ணா சேக்கிற வேலை, அரை மணி நேரம் ஆச்சு.

அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸோட விபாக்ஸ்மேனேஜ் கமாண்ட்ல குளோன்மீடியம், ஃபார்மேட் ரா, அதான் உறை உரிச்ச வெறும் பைட். கியூஇஎம்யூ-இமேஜ்ல கன்வெர்ட் பண்ணாலும் அதேதான். ரா ஃபைல்னா காலி இடத்தையும் சேத்து முழு 40 ஜிபியும் வரும், அதனால ஃபேட்32 பென்டிரைவ்ல வெக்கலாம்னு நினைக்காதீங்க, அது ஒரு ஃபைலை 4 ஜிபிக்கு மேல ஏத்துக்காது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டேன், புது டெஸ்க்டாப்பை லைவ் யூஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்லேர்ந்து ஓடுற லினக்ஸ்) பூட் பண்ணேன், பைட் பைட்டா காப்பி பண்ற டிடி கமாண்ட் அடிச்சேன். அடிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க் எல்லாத்தையும் பட்டியல் போடற எல்எஸ்பிஎல்கே கமாண்ட் பாத்து எது எஸ்எஸ்டி எது எக்ஸ்டர்னல்னு சைஸை வெச்சு மூணு தடவை சரி பாத்தேன், மாத்தி அடிச்சா கேள்வியே கேக்காது, சோலிய முடிச்சிட்டுத்தான் நிக்கும். முன்பக்க போர்ட்ல சொருகி வெச்சு இருபது நிமிஷமா ஏன் இவ்ளோ ஸ்லோன்னு திட்டிட்டு இருந்தேன், அப்புறம் பாத்தா அது யூஎஸ்பி 2. ஜாம்பஜார் பக்கம் போய் ரெண்டு பஜ்ஜி சாப்ட்டு வந்தேன், முடிஞ்சிருந்தது.

ரீஸ்டார்ட். பூட் டிவைஸ் இல்லன்னு வந்துச்சு. இது நான் எதிர்பாத்ததுதான். விர்ச்சுவல்பாக்ஸ்ல நான் அந்த மெஷினை உருவாக்கினப்போ டீஃபால்ட்டா கம்ப்யூட்டரை எழுப்புற பழைய பயாஸ் முறை, டிஸ்க்ல எம்பிஆர்ங்கிற பழைய பார்ட்டிஷன் அமைப்பு. இந்த டெஸ்க்டாப் யூஈஎஃப்ஐங்கிற புது முறைல இருந்துச்சு, அது ஒரு ஃபேட்32 பார்ட்டிஷனைத் தேடும், நம்ம டிஸ்க்ல அப்படி ஒண்ணு கிடையாது. செட்டிங்ஸ்ல போய் லெகஸி பூட்டை, அதாவது அந்தப் பழைய முறையை, ஆன் பண்ணேன், லினக்ஸை எழுப்புற க்ரப் மெனு வந்துடுச்சு. மாமா கை தட்டினாரு. மெனு வந்துச்சு, கெர்னல் ஓடிச்சு, அப்புறம் எமர்ஜென்சி மோட், ரூட் பாஸ்வேர்ட் குடுன்னு கருப்பு ஸ்க்ரீன்.

இதுதான் அன்னிக்கு எனக்கு சுவாரஸ்யமான இடம். நான் பயந்தது வேற. டிஸ்க் கண்ட்ரோலர் மாறினதுல கெர்னலுக்கு டிஸ்க்கே தெரியாம போயிடுமோன்னுதான் பயந்தேன், ஆனா டெபியன்ல இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகுறப்போ முதல்ல ஏறுற சின்ன சிஸ்டம்) டீஃபால்ட்டா பெரும்பாலான டிரைவரையும் தூக்கி வெச்சுக்கும், எந்த டிஸ்க்கை எங்க சேக்கணும்னு எழுதி வெச்சிருக்குற எஃப்எஸ்டேப் ஃபைல்லயும் டிஸ்க் பேரு இல்லாம யூயுஐடிங்கிற அடையாள நம்பர்தான் இருக்கும், அதனால ரூட், அதாவது சிஸ்டம் இருக்குற மெயின் பார்ட்டிஷன், அழகா மவுன்ட் ஆச்சு. ஃபெடோரா மாதிரி, அப்போ இருக்குற மெஷினுக்கு மட்டும் தேவையானதை வெச்சுக்கிற லினக்ஸ் வகைன்னா அங்கயே மாட்டியிருக்கலாம், அதுல முன்கூட்டியே பொதுவான இமேஜ் பண்ணி வெச்சிட்டு கிளம்புறது நல்லது. இங்க மாட்டினது எஃப்எஸ்டேப்ல இருந்த ஒத்தை வரி, விபாக்ஸ்எஸ்எஃப். விண்டோஸ்ல இருக்குற ஒரு ஃபோல்டரை உள் மெஷினுக்கு ஷேர் பண்ணியிருந்தேன், அந்த மவுன்ட் வரி. இங்க விர்ச்சுவல்பாக்ஸே இல்ல, அது எங்க போய் மவுன்ட் ஆகும். நோஃபெயில்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா தாண்டிப் போயிருக்கும். வரியை கமென்ட் பண்ணேன், டெஸ்க்டாப் வந்துடுச்சு, ஸ்க்ரீன் ரெசல்யூஷன் எல்லாம் தானா சரியா இருந்துச்சு.

மாமா ஆசையா உக்காந்து பத்திரிகை ஃபோல்டரை திறந்தாரு. காலி.

ரெண்டு செகண்ட் யாரும் பேசல. டெம்ப்ளேட், கஸ்டமர் ஃபைல், மூணு வருஷ பத்திரிகை எல்லாமே அந்த ஷேர்டு ஃபோல்டர்ல, அதாவது விண்டோஸ் பக்கத்துல. உள் மெஷின்ல எப்பவும் இருந்ததே இல்ல, ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்துச்சு அவ்ளோதான். தனிக்குடித்தனம் போன பையன் பீரோவைத் திறந்தா சட்டை எல்லாம் அம்மா வீட்ல. பழைய மெஷின் பக்கத்துலயே இருந்ததால பிரச்சனை இல்ல, காப்பி பண்ணிட்டோம், ஆனா பழசை ஃபார்மேட் பண்ணி யாருக்காவது குடுத்திருந்தா? எல்லாம் முடிஞ்சு ஒரு மாசமாவது பழசை தொடாதீங்கன்னு மாமாகிட்ட அப்பவே கண்டிஷனா சொல்லிட்டேன், அது எவ்ளோ நல்லதாப் போச்சுன்னு மறுநாளே தெரிஞ்சுது.

நெட் வரல. உள் மெஷின்ல நெட்வொர்க் கார்டோட பேரு ஈஎன்பி0எஸ்3, விர்ச்சுவல்பாக்ஸ் உபயோகிச்ச எல்லாருக்கும் இந்தப் பேரு மனப்பாடம். பஸ் 0, ஸ்லாட் 3ன்னு அர்த்தம். நிஜ போர்டுல அது ஈஎன்பி0எஸ்31எஃப்6. நான் என்னமோ ஒரு காலத்துல இன்டர்ஃபேசஸ்ங்கிற நெட்வொர்க் செட்டிங்ஸ் ஃபைல்ல பழைய பேரை கையால எழுதி வெச்சிருக்கேன், அந்த வரியை எடுத்துட்டு நெட்வொர்க்மேனேஜர்கிட்ட விட்டதும் கனெக்ட் ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி கடிகாரம் 2016 ஜனவரின்னு காட்டிட்டு இருந்துச்சு, நெட் வந்ததும் தானா சரியாயிடுச்சு, அதனால நான் அதைக் கண்டுக்கவே இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

விர்ச்சுவல்பாக்ஸுக்குன்னு உள்ள போட்டிருந்த கெஸ்ட் அடிஷன்ஸ் டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணேன். டிஸ்க் 240 ஜிபி, ஆனா பார்ட்டிஷன் இன்னும் அதே 40லதான் நிக்குது, பெருசு பண்ணலாம்னா ரூட்டுக்கு அடுத்தே ஸ்வாப் (ராம் பத்தாதப்போ உதவுற இடம்) பார்ட்டிஷன் குறுக்க படுத்துக்கிட்டு இருக்கு, டெபியன் இன்ஸ்டாலர் டீஃபால்ட் அப்படித்தான். ஸ்வாப்பை எடுத்துட்டு, ரூட்டை நீட்டி, கடைசில கொஞ்சம் இடம் விட்டு, ஸ்வாப்பை ஃபைலா வெச்சேன். பிரிண்டர் மட்டும் சொல்லவே வேணாம், முன்னாடி யூஎஸ்பி ஃபில்டர் போட்டு உள்ள தள்ளணும், நாலு தடவைல ஒரு தடவை அடம் பிடிக்கும், இப்போ நேரா சொருகினதும் பேப்பர் தள்ள ஆரம்பிச்சுது.

சாயங்காலம் வீட்டுக்கு கிளம்பறப்போ உறைச்சுது. உள் மெஷின்ல எஸ்எஸ்ஹெச், அதாவது வேற கம்ப்யூட்டர்லேர்ந்து லாகின் பண்ற வசதி, ஆன்ல இருக்கு, பாஸ்வேர்ட் என்னன்னு எழுத வெக்கமா இருக்கு, நாலு நம்பர். உள்ள இருந்தப்போ அது 10.0.2.15ங்கிற நேட் அட்ரஸ்ல, விண்டோஸ் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு, வெளிலேர்ந்து யாரும் அதைத் தட்டவே முடியாது, அதனால கவலை இல்ல. இப்போ அது கடை வைஃபை ரவுட்டர்ல மத்தவங்களோட மத்தவங்களா நிக்குது, அந்த வைஃபை பாஸ்வேர்டை மாமா ஜெராக்ஸ் எடுக்க வர்ற பசங்க எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்காரு. திரும்ப உக்காந்து பாஸ்வேர்டுக்கு பதிலா கீ ஃபைல் போட்டு பாஸ்வேர்ட் லாகினை மூடிட்டுத்தான் கிளம்பினேன்.

திங்கக்கிழமை ஒன்பதேகாலுக்கு போன். "மாப்ள, பூட் டிவைஸ் இல்லைங்குது." நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிச்சு, ஒண்ணும் தொடலயான்னேன், ஒண்ணும் தொடல, எப்பவும் போல மெயினை ஆஃப் பண்ணிட்டு ஷட்டர் இறக்கினேன்னாரு. அப்பதான் அந்த 2016 ஜனவரி மண்டைல அடிச்சுது. போர்டுல இருக்குற சின்ன பேட்டரி செத்துருக்கு. மெயின் கரண்ட் இருக்குற வரைக்கும் செட்டிங்ஸ் நின்னுச்சு, மெயினை அணைச்சதும் எல்லாம் ஃபேக்டரி செட்டிங்ஸுக்கு போயிடுச்சு, லெகஸி ஆஃப், யூஈஎஃப்ஐ ஆன், நம்ம டிஸ்க் அதுக்கு கண்ணுக்கே தெரியாது. வித்த ஆள் பத்து தடவை "எல்லாம் செக் பண்ணியாச்சு சார்"னு சொன்னானாம். உள் மெஷினா இருந்தப்போ இந்தப் பிரச்சனையே கிடையாது, விண்டோஸ்தான் மணி சொல்லிக்கிட்டு இருந்துச்சே. கடைல கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஆள் நிக்கிறாங்க, பன்னெண்டு மணிக்கு எடுக்கறாங்களாம். போன்ல பயாஸ் சொல்லிக்குடுக்குற நேரமா அது? பழசை ஆன் பண்ணுங்க மாமான்னேன். உள் மெஷின் பழையபடி உள்ளயே எழுந்து போஸ்டரை அடிச்சு குடுத்துச்சு.

சாயங்காலம் வாட்ச் கடைல சிஆர்2032 ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். பேட்டரி மாத்தினா போதும்தான். ஆனா ஒரு செட்டிங்கை நம்பி கடை ஓடக்கூடாதுன்னு தோணுச்சு, இன்டெல்காரங்களே லெகஸியை 2020க்குள்ள எடுத்துடறதா 2017ல சொல்லிட்டாங்க, நாளைக்கு இந்த எஸ்எஸ்டியை புது போர்டுல சொருகினா ஆப்ஷனே இல்லாம போகலாம். அதனால ஒரேயடியா யூஈஎஃப்ஐக்கு மாத்தினேன். லைவ் யூஎஸ்பியை யூஈஎஃப்ஐ மோட்லயே பூட் பண்ணணும், இது முக்கியம். எஸ்ஜிடிஸ்க் கமாண்ட்ல எம்பிஆரை ஜிபிடிங்கிற புது அமைப்பா மாத்தினேன், டேட்டா அப்படியே இருக்கும், ஆனா பழைய க்ரப் போயிடும், ஏன்னா அது முதல் பார்ட்டிஷனுக்கு முன்னாடி இருக்குற இடுக்குல குடியிருந்துச்சு, இப்போ ஜிபிடி டேபிள் வந்து அதே இடத்துல உக்காந்துக்கும், திரும்பிப் போறது சுலபமில்ல. கடைசில விட்டு வெச்ச இடத்துல 512 எம்பிக்கு ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன், அப்புறம் ரூட்டை மவுன்ட் பண்ணி, டெவ், ப்ராக், சிஸ் மூணையும் பைண்ட் பண்ணி, சிஹெச்ரூட்ல (லைவ் யூஎஸ்பிலேர்ந்தே அந்த சிஸ்டத்துக்குள்ள நுழையற வழி) உள்ள போய் க்ரப்போட ஈஎஃப்ஐ பேக்கேஜைப் போட்டு, க்ரப் இன்ஸ்டால் பண்றப்போ ரிமூவபிள்னு ஒரு ஆப்ஷன் சேத்தேன். அது சேத்தா எந்த யூஈஎஃப்ஐ மெஷினும் தானா தேடிப் பாக்குற பொதுவான இடத்துல க்ரப் போய் உக்காரும், போர்டு எல்லாத்தையும் மறந்தாலும் பூட் ஆகும். பேட்டரியைப் போடறதுக்கு முன்னாடியே மெயினை ரெண்டு தடவை அணைச்சு போட்டுப் பாத்தேன், தேதி மறுபடியும் 2016, ஆனா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பேட்டரி.

மாமா விடல. "அப்போ அந்த எக்ஸ்பி?" பழைய மெஷின்ல இன்னொரு விர்ச்சுவல் மெஷின் இருக்கு, விண்டோஸ் எக்ஸ்பி, அதுல ஒரு பழைய தமிழ் டிடிபி சாஃப்ட்வேர், அது இல்லாம சில பழைய பத்திரிகையைத் திறக்கவே முடியாது. அதையும் வெளிய கொண்டு வான்னா நான் மாட்டேன்னுட்டேன். லினக்ஸ் மாதிரி அது புது வீட்ல கண்ணைத் திறந்து பாத்து பழகிக்காது, பழைய ஐடிஈ கண்ட்ரோலர் இல்லன்னதும் 0எக்ஸ்7பின்னு நீல ஸ்க்ரீன் அடிச்சுட்டு படுத்துடும், புது கண்ட்ரோலருக்கான ஏஹெச்சிஐ டிரைவரே அதுல கிடையாது, அதையெல்லாம் தள்ளிக் கொண்டு வந்தாலும் ஹார்ட்வேர் மாறிடுச்சுன்னு திரும்ப ஆக்டிவேஷன் கேக்கும். விண்டோஸ் 7, 10னா பழைய ஹார்ட்வேர் விவரத்தை மறக்க வெக்கிற சிஸ்ப்ரெப் ஓட்டிட்டு கிளம்பினா ஓரளவு சமாளிக்கலாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட அப்டேட் நின்னுச்சு, அதை வெளிய விடறதே பாவம். புது டெபியன்ல விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அந்த எக்ஸ்பியை நெட்வொர்க் கார்டே இல்லாம அதுக்குள்ள வெச்சிட்டேன். முன்னாடி பக்கத்து ரூம்ல இருந்தது இப்போ இதுக்குக் கீழ குடியிருக்கு.

ஒரு மாசம் ஆச்சு, ஓடுது. ஏ3 போஸ்டர் திறக்கறதுக்குள்ள டீ குடிக்க நேரம் கிடைக்கலன்னு மாமாவே சொல்றாரு. ஒண்ணு மட்டும் பாக்கி. மெஷினோட ஹோஸ்ட்நேம் இன்னும் உள்மெஷின்னுதான் இருக்கு, டெர்மினல் திறந்தா அதே பேருதான் வரும். மாத்திடவான்னு கேட்டேன். மாடில இருக்குற பைண்டிங் கடைக்காரரு அந்தப் பேரை வெச்சுத்தான் பிரிண்டரை சேத்து வெச்சிருக்காராம், போன வாரம்தான் மாமா அவருக்குப் போட்டுக் குடுத்தாராம், "இருக்கட்டும் விடு மாப்ள"ன்னாரு.